பிள்ளைகளுக்குப் பெருநாள்களின் பொருளை உணர்த்துவோம்

ஆண்டு பிறந்ததும் மளிகைக் கடைக்காரர் இனாமாகத் தரும் நாட்காட்டி நம் இல்லங்களின் சுவரில் ஏறிவிடுகிறது. பிள்ளைகள் அதில் முதலில் தேடுவது சிவப்பு எழுத்தில் அச்சிட்ட நாள்களைத்தான். அன்று பள்ளி இல்லை, விடியற்காலையில் எழ வேண்டியதில்லை, விருப்பம்போல் விளையாடலாம். அந்த நாள் ஏன் சிவப்பாயிற்று என்று கேட்டால், பத்துப் பிள்ளைகளில் இருவர் விடை சொன்னாலே வியப்பு. அவர்களைக் குறை கூறி என்ன பயன்? காரணத்தை நாம் சொன்னால்தானே அவர்கள் அறிவார்கள்?

இருபது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாம் பணியாற்றினோம். ஆகஸ்டு மாதம் வந்தது. 1957ஆம் ஆண்டு, ஆகஸ்டு 31, துங்கு அப்துல் ரஹ்மான், மெர்டேக்கா அரங்கம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னோம். அவர்களும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அப்போது பின் வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "சார், அன்றைக்கு என் தாத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்டான்.

நமக்கு விடை தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் அந்தக் கேள்விக்கு யாரும் நம்மை ஆயத்தம் செய்யவில்லை. "வீட்டுக்குப் போய்த் தாத்தாவையே கேட்டு வா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம்.

மறுநாள் அவன் வந்து சொன்னான்: "தாத்தாவுக்கு அன்று பெரட்டு இல்லையாம். தோட்டத்துத் திடலில் புதுக்கொடி ஏற்றினார்களாம். எல்லாருக்கும் ரொட்டியும் தேநீரும் கொடுத்தார்களாம். தாத்தாவுடைய அப்பா மட்டும் வரவில்லையாம். 'இது நம் நாடா, ஊருக்குத் திரும்பிப் போக வேண்டுமா' என்று யோசித்துக்கொண்டு லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்."

வகுப்பு முழுவதும் அமைதியாகக் கேட்டது. நாம் கரும்பலகையில் எழுதிய நான்கு வரிகளால் புரியவைக்க முடியாததை, அந்தப் பாட்டனார் லயத்து வாசலில் வைத்தே தம் பேரனுக்குப் புரியவைத்துவிட்டார். பெருநாள்களையும் பெரியோர்களையும் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதில் நாம் பெற்ற முதல் பாடம் அதுவே.

செய்தல், சொல்லுதல், கேட்டல்

பிள்ளையின் வயதுக்கேற்பக் கற்பிக்கும் முறை மாற வேண்டும். பள்ளி செல்லாத சிறு பிள்ளைக்குக் கதையைவிடச் செயலே பாடம். தீபாவளியன்று விடியுமுன் தலையில் எண்ணெய் வைத்தல், விளக்கேற்றுதல், பெரியோர் காலில் விழுந்து வணங்குதல், பலகாரத் தட்டை அண்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் ஆகியவற்றில் அப்பிள்ளைக்கும் ஒரு சிறு பங்கைக் கொடுங்கள். தட்டை ஏந்திச் சென்ற கை, பகிர்ந்துண்ணுதல் இன்னதென்பதை மறவாது.

ஏழு முதல் பத்து வயதுக்குள் கதை வேண்டும். நரகாசுரன் கதையை எடுத்துக்கொள்வோம். அரக்கன் ஒருவன் கொல்லப்பட்டான் என்பதோடு நிறுத்திவிட்டால், பிள்ளை பட்டாசை மட்டும் நினைவில் வைக்கும். தன் இறப்பை மக்கள் துக்கமாக எண்ணாமல் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று அவன் இறுதியில் வேண்டிக்கொண்டான் என நம் பாட்டிமார் சொல்வார்கள். தீமை செய்தவனும் கடைசி வேளையில் திருந்தலாம் என்னும் கருத்து அதில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கதை மட்டும் போதாது. அது கேள்வி கேட்கும். "பாட்டி சொன்ன கதையும் புத்தகத்தில் உள்ள கதையும் ஏன் வேறாக இருக்கின்றன?" என்று கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். இந்தியாவின் ஒரு பகுதியில் இராமபிரான் அயோத்தி திரும்பிய நாளாகவும், சமணர்களால் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகவும் தீபாவளி போற்றப்படுகிறது என்று விளக்குங்கள். விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, ஆசிரியரைக் கேட்போம்" என்று கூறுவதில் பெற்றோருக்கு இழுக்கு ஏதுமில்லை. நாமும் ஒருநாள் வகுப்பறையில் விடை தெரியாமல் நின்றவர்களே.

கண் வழியே கற்கும் பாடம்

இங்கே கசப்பான ஒரு செய்தியையும் கூறியாக வேண்டும். பெருநாளின் பொருளை வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு, கையில் வேறொன்றைக் காட்டினால், பிள்ளை கையில் கண்டதையே கற்கும். தீமையை வென்ற நாள் என்று காலையில் கதை சொன்ன தந்தை, நண்பகலில் மது அருந்தி வாசலில் சச்சரவு செய்தால், மாலையில் அப்பிள்ளையின் மனத்தில் எது எஞ்சி நிற்கும்? நரகாசுரன் எங்கே இருக்கிறான் என்று அது தானே முடிவு செய்துகொள்ளும்.

கடன் வாங்கிக் கொண்டாடும் பழக்கமும் அவ்வாறே. ஒருநாள் ஆடம்பரத்துக்காக மூன்று மாதச் சம்பளத்தை வட்டிக்காரரிடம் அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மூன்று மாதமும் வீட்டில் எழும் சண்டையைப் பிள்ளைகள் தீபாவளியோடு சேர்த்தே நினைவில் வைக்கிறார்கள். மாறாக, தை மாதம் முதல் ஓர் உண்டியலில் வாரம் சில வெள்ளி சேர்த்து, அதைப் பிள்ளைகள் முன்னிலையில் உடைத்து, "இது துணிக்கு, இது பலகாரத்துக்கு, இது கோயிலுக்கு, இது பாட்டிக்கு" எனப் பிரித்துக் காட்டிப் பாருங்கள். கணக்கும், சிக்கனமும், கடமையும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும்.

பொங்கலுக்குச் செலவு குறைவு, பொருள் மிகுதி. உழவனுக்கும் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி கூறும் நாள் அது. நமக்கு வயல் இல்லையே என்று பிள்ளை கேட்கலாம். நமக்கும் மரம் இருக்கிறதே! 1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகள் கொண்டு செல்லப்பட்டன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22, 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி ஆராய்ந்து கண்டறிந்தார். ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை அவர் ஓயாமல் வற்புறுத்தியதால், அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று நகைத்தவர்களும் உண்டு. இன்று நீங்கள் காலையில் ஏந்தும் உளிக்கும் அவருடைய ஆராய்ச்சிக்கும் தொடர்பு உண்டு. பொங்கலன்று அந்த உளியையும் வாளியையும் கழுவித் துடைத்துப் பொட்டிட்டு, அதன் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொன்னால், தன் தாய் தந்தையரின் தொழிலை அது ஒருபோதும் தாழ்வாக எண்ணாது.

தமிழர் திருநாள் தந்த வழி

பெருநாளைக் கல்விக் கருவியாக்க முடியும் என்பதற்கு நம்மிடையே ஒரு சிறந்த சான்று இருக்கிறது. திருவாரூரில் 1903ஆம் ஆண்டு பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி அவர்கள், 1935ஆம் ஆண்டு 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த தமிழர்கள் ஒரு நாளிலாவது ஒன்றாக நிற்க வேண்டும் என்று எண்ணி, தை முதல் நாளைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடும் வழக்கத்தை 1952ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தோற்றுவித்தார்.

அவ்விழாவின் சிறப்பு, பிள்ளைகளைப் பார்வையாளராக வைக்காமல் பங்கேற்பவராக்கியதே. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு, நாடகம் என ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் இருந்தது. பால் வெட்டுபவர் மகனும் கிராணியார் மகனும் ஒரே மேடையில் ஏறினார்கள். இன்றும் தோட்டத்து ஆலயத் திருவிழாவின்போது அரைமணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளைப் பேசச் சொல்லலாம். ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது, மக்களும் கூடியிருக்கிறார்கள். வேண்டுவது, திரைப்பாடல் தட்டைச் சற்று நேரம் நிறுத்தும் மனம் ஒன்றே.

தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லும் குடும்பங்கள் பல. அங்குள்ள 272 படிகளையும் ஏறி இறங்கும் பிள்ளைக்கு அக்கோயிலின் வரலாறு தெரியுமா? கா. தம்புசாமிப் பிள்ளை அவர்கள் 1891ஆம் ஆண்டு அக்குகையில் முருகன் வழிபாட்டை நிறுவினார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடைபெற்று வருகிறது. 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலையைப் படம் பிடிப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு தட்டிலும் இளைப்பாறும்போது இச்செய்திகளில் ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஏறினால், படியேற்றமும் பாடமாகும்.

பக்கத்து லயத்தின் பெருநாள்

நம் நாட்டின் நாட்காட்டி ஒரே சமயத்தாரின் நாட்காட்டி அன்று. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, விசாக நாள், கிறிஸ்துமஸ் ஆகியவை நம் பிள்ளைகளுக்கும் விடுமுறை தருகின்றன. சபாவில் மே 30, 31 ஆகிய நாள்களில் காமத்தான் அறுவடை விழாவும், சரவாக்கில் ஜூன் 1, 2 ஆகிய நாள்களில் காவாய் விழாவும் கொண்டாடப்படுகின்றன. அவை இரண்டும் நெல்லுக்கு நன்றி கூறும் விழாக்கள் என்றறியும் பிள்ளை, "அப்படியானால் அது அவர்களுடைய பொங்கல்" என்று தானே கூறிவிடும். இத்தகைய ஒப்புமையே நல்லிணக்கத்தின் முதற்படி.

அண்டை வீட்டாரின் பெருநாளுக்குச் செல்லுமுன், பிள்ளைகளுக்குச் சில நெறிகளைச் சொல்லிவையுங்கள். நோன்பு மாதத்தில் மலாய் நண்பன் எதிரில் தின்பண்டம் தின்று காட்டுதல் கூடாது. முஸ்லிம் அன்பர்களை விருந்துக்கு அழைக்கும்போது அவர்களுக்கு விலக்கான உணவையும் மதுவையும் அறவே தவிர்க்க வேண்டும். சீன நண்பர் வீட்டில் சிவப்பு உறை கிடைத்தால், அதைக் கொடுத்தவர் எதிரில் பிரித்து எண்ணுதல் அழகன்று.

இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். நோன்புப் பெருநாளன்று அவர்கள் மனைவி மக்களைப் பிரிந்து, கைப்பேசியில் முகம் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம். சிலர் அவர்களை இகழ்ந்து பேசுவதும் நம் காதில் விழுகிறது. கப்பலேறி வந்த நம் முன்னோரும் முதல் தீபாவளியை அவ்வாறே தனிமையில் கழித்தவர்கள்தாம். அன்று கைப்பேசியும் இல்லை. கடிதம் எழுதவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. அன்றைய தினம் ஒரு தட்டு முறுக்கோடு பிள்ளையை அவர்கள் அறைக்கு அழைத்துச் சென்று, கைகூப்பி வாழ்த்தச் சொல்லுங்கள். நம் குடும்பத்து வரலாற்றின் முதல் அத்தியாயத்தை அப்பிள்ளை அங்கே நேரில் காணும்.

மெர்டேக்கா நாளும் அடையாளச் சீட்டும்

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் இலண்டனில் சுதந்திர உடன்பாடு கையெழுத்தாயிற்று. அது துங்கு அவர்களின் 53ஆவது பிறந்தநாள். நாடு திரும்பிய அவர், பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்காவில் சுதந்திரத் தேதியை மக்களுக்கு அறிவித்தார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காலை, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் பிரகடனத்தை வாசித்து, "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கினார். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் சேர்ந்து முழங்கிய குரல் அது.

அந்த நாள் நம் லயத்துக்கு எதைக் கொண்டுவந்தது என்பதே பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய செய்தி. அது குடியுரிமையைக் கொண்டுவந்தது. மெர்டேக்கா நாளன்றும் அதன் பின்னரும் இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் சட்டப்படி குடிமக்களாயினர். (அவ்விதி 1962இல் திருத்தப்பட்டு, பெற்றோரின் தகுதியும் கணக்கில் கொள்ளப்பட்டது.) முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் உரிய தகுதிகளோடு மனுச் செய்து குடியுரிமை பெறவும் வழி திறக்கப்பட்டது.

மனுச் செய்தவர்கள் பெற்றார்கள். படிப்பறிவு இல்லாமலும், "இந்தக் காகிதம் எதற்கு?" என்ற அசட்டையாலும், "என்றேனும் ஊருக்குப் போகிறவர்கள்தாமே" என்ற நினைப்பாலும், செய்யாது விட்டவர்களும் பலர். 1968ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. அந்நாளில் சிவப்பு அடையாளச் சீட்டோடு அலைந்தவர்களையும், பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலேறியவர்களையும் நம் முதியோர் இன்றும் கண்ணீரோடு நினைவுகூர்வர். ஒரு பொது நாளின் பொருளை அறியாமல் விட்டதற்கு ஒரு தலைமுறை கொடுத்த விலை அது.

ஆகவே ஆகஸ்டு 31ஆம் நாள் கொடியை ஏற்றும்போது, வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரங்களையும் அடையாளச் சீட்டுகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறந்த குழந்தையை உரிய காலத்தில் பதிவு செய்துள்ளோமா? பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு 'மைகார்டு' எடுத்துவிட்டோமா? பெயரிலும் தேதியிலும் பிழை உண்டா? இதைவிடச் சிறந்த மெர்டேக்கா பாடம் நம் குடும்பங்களுக்கு இல்லை. கொடியின் பதினான்கு கோடுகளையும் பதினான்கு முனை நட்சத்திரத்தையும் எண்ணிக் காட்டிய பின், 1970ஆம் ஆண்டு பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் சொல்லிப் பாருங்கள். செப்டம்பர் 16, 1963ஆம் ஆண்டு மலேசியா உருவான நாள் என்பதையும், 2010 முதல் அது பொது விடுமுறையாக இருப்பதையும் தொடர்ந்து விளக்கலாம்.

பத்து வெள்ளியின் கதை

பெரியோர்களைப் பற்றிக் கூறும்போது, பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், வகித்த பதவிகள் என்று தொடங்கினால் பிள்ளை கொட்டாவி விடும். அவர் எதிர்கொண்ட துன்பத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒரு தோட்டத்தில் நாம் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் படத்தைக் காட்டி, இவர் யார் என்று பிள்ளைகளைக் கேட்டோம். ஒரு சிறுமி மட்டும் கையுயர்த்தி, "பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ரோட்டுக்காரர்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியது அவளைப் பார்த்தன்று. சாலைக்குப் பெயரிட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்ட நம்மைப் பார்த்துத்தான்.

அவர் கதையை நாம் இவ்வாறு சொன்னோம். "ஒரு நாள் காலையில் உங்கள் அப்பா வேலைக்குப் போகிறார். தோட்டத்தை விற்றுவிட்டோம், இனி வேலை இல்லை, வீட்டையும் காலி செய்யுங்கள் என்கிறார்கள். நீங்கள் எங்கே போவீர்கள்?" பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 1950களின் இறுதியிலும் 1960களிலும் இதுவே நடந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் விற்ற பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையும் கூரையும் இழந்து தெருவில் நின்றார்கள்.

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்து, ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த சம்பந்தன் அவர்கள், தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். மாதம் பத்து வெள்ளி சேர்த்து, நூறு வெள்ளியில் ஒரு பங்கு வாங்குங்கள். துண்டாடப்படும் தோட்டத்தை நாமே சேர்ந்து வாங்குவோம் என்பதே அவர் கூறிய வழி. நாட்கூலி சில வெள்ளியாக இருந்த காலம் அது. பத்து வெள்ளி என்பது பல வேளைச் சாப்பாடு. ஆயினும் மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. கூலிக்கு மரம் வெட்டியவர்கள் அந்த மரத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள்.

தம் ஊரில் 1954ஆம் ஆண்டு மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவிப் பிள்ளைகளின் கல்விக்கும் வழி செய்த அப்பெருமகன், 1979ஆம் ஆண்டு மறைந்தார். கதை முடிந்ததும் அதே சிறுமி, "எங்கள் ஆயா பெட்டியில் அந்தச் சங்கத்துப் புத்தகம் இருக்கிறது. அது வெறும் பழைய புத்தகம் என்று நினைத்தேன்" என்றாள். அன்று மாலை அந்தப் பெட்டி திறக்கப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம்.

மே மாதம் முதல் நாள்

விடுமுறை நாள்களுள் தொழிலாளர் இல்லத்துக்கே உரியது மே நாள். 1886ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், எட்டு மணி நேர வேலை கேட்டு நின்ற தொழிலாளர் போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. அவர்கள் நினைவில் உலகத் தொழிலாளர் மே முதல் நாளைப் போற்றலாயினர். சென்னைக் கடற்கரையில் 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் மே நாள் விழா எடுத்தார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு அன்றைய துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் அவர்கள் அதைப் பொது விடுமுறையாக அறிவித்தார்.

1954ஆம் ஆண்டு பல சங்கங்கள் ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானதையும், அதற்கு வழிகாட்டிய பி. பி. நாராயணன் அவர்கள் 1962இல் மக்சேசே விருது பெற்றதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இன்று தொழிலாளிக்கு ஆண்டில் 11 பொது விடுமுறை நாள்கள் சம்பளத்தோடு உரியவை. அவற்றுள் தேசிய நாள், மாமன்னரின் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள், தொழிலாளர் நாள், மலேசிய நாள் ஆகிய ஐந்தும் கட்டாயமானவை. சம்பளத்தோடு கூடிய விடுமுறை வானத்திலிருந்து விழவில்லை; யாரோ கேட்டார்கள், யாரோ துன்புற்றார்கள், பின்னரே கிடைத்தது என்று பிள்ளை அறிய வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் தலைவர்கள் வேண்டும்

நாம் சொல்லும் கதைகளில் வருவோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் இருக்கிறாள். 1943ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில், மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றார்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் அவர்களும் அப்படையில் சேர்ந்து பணியாற்றினார். பின்னர் நம் நாட்டில் மேலவை உறுப்பினராகவும் தொண்டு செய்தார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் அவர் மறைந்தார். இக்கதையைக் கேட்ட பெண் பிள்ளை, "நான் படித்து என்னவாகப் போகிறேன்" என்று கேட்காது.

பெயரில்லாத பெரியோர்

வரலாற்று நூல்களில் பெயர் இடம்பெறாத பெரியோரும் உண்டு. சப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டு, காலராவாலும் பசியாலும் மாண்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்குத் தனித்தனிக் கல்லறைகள் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் போய்த் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்களே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள்.

இதனால்தான் நாம் காலத்தை எண்ணி அஞ்சுகிறோம். பல தோட்டங்களில் ரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் கலையும்போது லயமும் கோயிலும் மட்டும் கலைவதில்லை; யார் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தார் என்ற நினைவும் கலைகிறது. ஆகவே உங்கள் பிள்ளையிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு பெருநாளன்றும் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: "உங்கள் சிறு வயதில் இந்த நாளை எப்படிக் கொண்டாடினீர்கள்? அன்று உங்களோடு யார் இருந்தார்கள்? அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?" எழுதத் தெரியாத சிறு பிள்ளைக்கு அண்ணனோ அக்காளோ எழுதிக் கொடுக்கலாம். கைப்பேசி இருந்தால் குரலையே பதிவு செய்து வைக்கலாம்.

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, களைத்து வரும் உங்களிடம் நாம் பெரிய நேரம் கேட்கவில்லை. விடுமுறைக்கு முந்தின மாலை பத்து நிமிடம் போதும். நாட்காட்டியின் அருகே பிள்ளையை நிறுத்தி, அந்தச் சிவப்பு எழுத்தைச் சுட்டிக்காட்டி, அது ஏன் சிவப்பாயிற்று என்று சொல்லுங்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் கேள்வி கேட்ட அந்தச் சிறுவனுக்கு விடை சொல்ல ஒரு தாத்தா இருந்தார். அதே வாரம் வேறு இரு பிள்ளைகள் நம்மிடம் வந்து, "எங்கள் வீட்டில் கேட்க யாரும் இல்லை, சார்" என்றார்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளை அக்கேள்வியைக் கேட்கும்போது, விடை சொல்ல நீங்கள் இல்லாவிட்டாலும், இன்று உங்கள் பிள்ளை எழுதி வைத்த அந்த நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.